தட்டோரத்து இலை

அந்த உணவகத்தின் சமையலறையில் அவளுக்கு வேலை பாத்திரம் கழுவுவது, பட்டம் நீதிபதியம்மா. பட்டத்தைக் கொடுத்தவர் தலைமைச் சமையல்காரர், அங்கே எல்லாருக்கும் மாஸ்டர். சாப்பிட வந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பரிமாறுகிறவர்கள் வந்து சொல்வார்கள்தான். ஆனால் அவர்கள் கொண்டுவருவது வாய் சொன்ன செய்தி. வாய் மரியாதைக்காகப் பொய் சொல்லும், தட்டு சொல்லாது. பத்தொன்பது வருஷமாகத் திரும்பி வரும் தட்டுகளோடு பழகியவளுக்கு, எந்தத் துண்டை எங்கே பாதியில் விட்டார்கள், எதை ரொட்டியால் துடைத்துத் தின்றார்கள் என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

"மாஸ்டர், இன்னைக்கு சூப்புல உப்பு தூக்கல்" என்று கழுவுதொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தால், மாஸ்டர் முதலில் முறைப்பார். பிறகு கரண்டியை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு வாயைத் திறக்காமல் பானையில் வெந்நீர் ஊற்றுவார். அந்தக் கோர்ட்டில் மேல்முறையீடு கிடையாது.

அவள் தந்த தீர்ப்புகளிலேயே பழையது பார்ஸ்லியைப் பற்றியது. மீனோ, கோழியோ, வேகவைத்த கிழங்கோ, எந்தத் தட்டு வெளியே போனாலும் அதன் ஓரத்தில் சுருட்டை சுருட்டையாக ஒரு பச்சைக் கொத்து உட்கார்ந்திருக்கும். பார்க்கக் கொத்தமல்லிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், வாசனை வேறு. தட்டு திரும்பி வரும்போது மீன் முள்ளாகியிருக்கும், எலுமிச்சைத் துண்டு பிழிபட்டிருக்கும், பார்ஸ்லி மட்டும் போன கோலத்திலேயே வந்து இறங்கும். கட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள், கொத்து வாளிக்குள் போய் விழும். நாளுக்கு ஒரு வாளி.

"இது சாப்பாடு இல்ல மாஸ்டர். தட்டுக்குத் தோடு, அவ்வளவுதான்."

"தோடு இல்லாத முகத்தை எவன் திரும்பிப் பார்ப்பான்?" என்பார் மாஸ்டர்.

இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் பின்னால் ஒரு மனுஷன் சாகக் கிடந்தான். அந்த மனுஷன் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்.

அவர் குழாய் வேலைக்காரர். ஒழுகும் குழாய் எங்கேயாவது இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில்கூடக் கைகழுவும் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிவிட்டு வந்தவர். ஊரார் வீட்டுக் குழாய்க்கெல்லாம் வால்வு மாற்றிய அந்த மனுஷருக்கு ஐம்பத்தாறு வயதில் நெஞ்சைத் திறந்து யாரோ வால்வு மாற்றினார்கள். உலோகத்தால் ஆனது. அமைதியான அறையில் அவர் வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்கும். "நல்ல கம்பெனி வால்வு. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார் பார்க்க வந்தவர்களிடம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது இரண்டு கட்டளை போட்டு அனுப்பினார்கள். ஒன்று, அந்த வால்வில் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அளவு குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் ஒழுகும். அதனால் மாதம் ஒருமுறை விரல் நுனியில் குத்தி, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண் பார்க்க வேண்டும். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் ஆகாத உறவு என்பதால், கீரை விஷயத்தில் ஜாக்கிரதை என்று ஒரு தாளும் தந்தார்கள். இரண்டாவது கட்டளை, உப்பைக் குறை.

தாளை வாசித்த அன்றே அவள் கீரையை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டாள். உப்புதான் பெரும் பாடாகிவிட்டது. கிழங்கு, முட்டை, மீன், பருப்பு சூப்பு என்று மாற்றி மாற்றிச் செய்தாள். அவர் இரண்டு வாய் வைப்பார், தட்டைத் தள்ளுவார். சண்டை போடமாட்டார், குறை சொல்லமாட்டார். "பசியில்லைம்மா" என்பார். ஊருக்கெல்லாம் தட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவளுக்கு, சொந்த வீட்டுத் தட்டு மூன்று வேளையும் நிரம்பியபடியே திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? ஆபரேஷனில் பிழைத்தவர் பட்டினியில் போய்விடுவாரோ என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. மனுஷர் எட்டுக் கிலோ இறங்கியிருந்தார்.

ஒரு நாள் வேலை முடிகிற நேரம், மறுநாள் விடுமுறை என்பதால் மிஞ்சிய பார்ஸ்லிக் கட்டை மாஸ்டர் குப்பைக்கு அனுப்பப் போனார். பத்தொன்பது வருஷமாக வாளியில் சுண்டியவளுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, "குடுங்க மாஸ்டர்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் கிழங்கை வேகவைத்து, இலையைப் பொடியாக நறுக்கி மேலே தூவி, எலுமிச்சை பிழிந்து வைத்தாள். தட்டுக்குத் தோடு போட்டால் முகம் கொஞ்சம் தெளியும் என்பதுதான் எண்ணம். அவர் ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

தட்டு காலியாகத் திரும்பி வந்தது. அதைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது என்பதை ஒளிப்பானேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தினமும் மாஸ்டரிடம் கையேந்தக் கூச்சமாக இருந்ததால் தானே வளர்க்கலாம் என்று இறங்கினாள். மாஸ்டர் விதைப் பொட்டலம் ஒன்று வரவழைத்துத் தந்தார். "சுருட்டை அழகுக்கு, தட்டை இலை வாய்க்கு. இது தட்டை. வேர் கிணறு தோண்டுற மாதிரி நேரா கீழே போகும், ஆழமான தொட்டி வேணும். ஒரு தடவை முளைச்சா இடம் மாத்தாதே, கோவிச்சுக்கும்."

ஆழமான தொட்டிக்கு அவள் வீட்டில் என்ன பஞ்சம்? மழைநீர் வடியப் போடும் அகலக் குழாய் ஒன்று பின்கட்டில் சும்மா கிடந்தது. அவர் அதை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்து, ஓட்டை போட்ட மூடியால் அடியை அடைத்து, எட்டுத் தொட்டி செய்து சுவரோரம் நிறுத்தினார். வெயில் காலையில் மட்டும் படும் இடம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ரம்பத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவள் விதையை ஒரு ராத்திரி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விதைத்தாள். ஒரு வாரம் ஆயிற்று, ஒன்றுமில்லை. இரண்டு வாரம், ஒன்றுமில்லை.

"மாஸ்டர் உனக்கு விதைன்னு சொல்லி மணலைக் குடுத்துட்டார்" என்றார் அவர்.

"மண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? குழாய்க்குள்ள நடக்கிறது மட்டும்தான் தெரியும்."

இருபத்தெட்டாவது நாள் முளை வந்தது. அவர்தான் முதலில் பார்த்தார். காலையில் தேநீரைக்கூடக் குடிக்காமல் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

அந்தக் கோடை முழுக்க எட்டுக் குழாயிலும் பச்சை பொங்கி வழிந்தது. வெளித் தண்டை அடியோடு நறுக்கினால் நடுவிலிருந்து புதுசு வரும், நடுவில் கைவைத்தால் முதலுக்கே மோசம் என்று கற்றுக்கொண்டாள். தண்டுகளை நூலால் கட்டி சூப்புப் பானையில் போட்டாள். இலையை அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்த்தாள், சேர்த்துக் கொதிக்கவிட்டால் வைக்கோல் வாசம் வரும். முட்டையில், மீனில், கிழங்கில், பருப்பில் என்று மூன்று வேளையும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டாள். அவர் இறங்கிய எட்டுக் கிலோவில் ஐந்தை ஏற்றிவிட்டார். பழையபடி பையைத் தூக்கிக்கொண்டு சின்னச் சின்ன வேலைக்கும் போகத் தொடங்கினார்.

ரத்தம் மட்டும் பேச்சுக் கேட்கவில்லை. எண் இரண்டுக்கு இறங்கியது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் ஒன்றே முக்கால். இன்னும் கூட்டினார். எண் பார்க்கும் நர்ஸ் நிதானமான பெண், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள்.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தமாம்மா? கீரை, பச்சை இலை ஏதாவது சேர்க்கிறீங்களா?"

"கீரையா? வீட்டு வாசப்படியே ஏறாது சிஸ்டர். நீங்க தாள் குடுத்த அன்னையிலிருந்து நிறுத்தியாச்சு."

சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள்; ஆனால் மறைப்பது அவளுக்கே தெரியாது. பத்தொன்பது வருஷம் வாளியில் சுண்டிய ஒன்றைக் கீரை என்றோ, சாப்பாடு என்றோ அவள் மனசு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தாளிலும் கீரை என்றுதான் போட்டிருந்தது, தோடு என்று போடவில்லை. அவருக்கோ, தட்டில் விழுவதெல்லாம் அவள் இலாகா. கேள்வி அவரிடம் வந்தால்கூட அவள் பக்கம் திரும்பிக் காட்டுவார்.

மூன்றாவது தடவையும் எண் இறங்கியபோது நர்ஸ் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஐயா, மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை."

"சில பேர் மறந்துடுவாங்க. சில பேர் வேணும்னே விட்டுட்டு வெளியில சொல்லமாட்டாங்க. அம்மா, நீங்கதான் கொஞ்சம் கவனிச்சுக்கணும்." சொல்லிவிட்டு அவர் கோப்பில் ஒரு வரி எழுதினாள். மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை என்று தோன்றுகிறது, மனைவி கண்காணிக்க வேண்டும். தலைகீழாக இருந்தாலும் இரண்டு பேரும் அதை வாசித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "நான் நிஜமாவே விடலை."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலைதான். பார்க்கிறியே."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தப்பு என்று சொல்ல முடியுமா? எண் இறங்குகிறது, சாப்பாட்டில் மாற்றமில்லை, அப்படியானால் மிச்சம் இருப்பது அவர்தானே. அன்று முதல் மாத்திரைப் பெட்டி அவள் கைக்கு வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் எதிரில் உட்கார்ந்து, எண்ணி உள்ளங்கையில் வைப்பாள். கண் மாத்திரையில் இருக்காது, அவர் முகத்தில் இருக்கும். விழுங்கியதும், "வாயைத் திறங்க" என்பாள். நாற்பது வருஷம் ஒருத்தர் வீட்டிலும் ஒரு திருகாணியைக்கூடத் தூக்கி வராத மனுஷர், திருடனைச் சோதிப்பது மாதிரி வாயைத் திறந்து காட்டினார். நாக்குக்கு அடியில் ஒன்றும் இருக்காது. டிக், டிக் என்ற சத்தம்தான் வரும். அப்படியும் எண் பிடிவாதமாக இறங்கியது, மாத்திரை இன்னும் கூடியது. எங்கேயாவது போய்த் துப்பிவிடுகிறாரோ என்றுகூட நினைத்தாள். கேட்கவில்லை. அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

குளிர் வந்தது. செடிகளுக்குக் கோணியைப் போர்த்திக் காப்பாற்றினாள். குளிர் விலகியதும் எட்டுக் குழாயிலும் நடுத்தண்டு கிளம்பி இடுப்பு உயரம் எழுந்தது. உச்சியில் குடை குடையாக மஞ்சள் கலந்த பச்சைப் பூ. இலை சிறுத்துக் கசந்தது. மாஸ்டரிடம் கேட்டாள்.

"அதுக்கு ஆயுசு ரெண்டு வருஷம்தான். முதல் வருஷம் நமக்கு, ரெண்டாம் வருஷம் அதோட பிள்ளைங்களுக்கு. பிடுங்கிட்டுப் புதுசா போடு."

பிடுங்கினாள், ஊறவைத்தாள், விதைத்தாள். முளைக்க இருபத்தெட்டு நாள். அதுவரைக்கும் எலுமிச்சையை வைத்து ஒப்பேற்றினாள். அவரும் பழகிப்போயிருந்ததால் தட்டைத் தள்ளவில்லை. இலை நின்றுவிட்டது, கூட்டி வைத்த மாத்திரை மட்டும் அப்படியே நடந்தது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது.

முதலில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். பிறகு மேசை முனை இடித்த தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். "வயசாச்சுல்ல" என்றார். ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் மூக்கில் ரத்தம் வந்தது, நிற்கவில்லை. அவரே பொருத்திய வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்து நிற்க, அவள் துண்டு மேல் துண்டாகக் கொடுத்தாள். நாலாவது துண்டும் நனைந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "இது வாஷர் மாத்துற கேஸ் இல்லைம்மா. கூட்டிட்டுப் போ."

ஆஸ்பத்திரியில் எண் ஏழைத் தாண்டியிருந்தது. மருந்து ஏற்றினார்கள், மூக்கை அடைத்தார்கள், மூன்று நாள் வைத்திருந்தார்கள். தலைக்குள் ஒழுகியிருந்தால் அவ்வளவுதான் என்றார் மருத்துவர். "ரெண்டு தடவை போட்டுட்டாரா?" என்று கேட்டார்கள். அவள் கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள். தன்னைச் சந்தேகப்பட்டாளே என்ற கோபத்தில் வேண்டுமென்றே கூடப் போட்டுக்கொண்டாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் அந்த நினைப்பையும் அவள் முகத்தில் வாசித்துவிட்டார்.

"நீ எண்ணிக் குடுத்ததைத்தான் போட்டேன்" என்றார், மூக்கில் பஞ்சோடு. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாத்திரையைப் பாதிக்கு மேல் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், மத்தியான நெரிசலில் பரிமாறுகிறவர் ஒருவர் சீட்டை நீட்டி வாசித்தார். "ஏழாம் மேசை. மீன் ஒண்ணு. பார்ஸ்லி வேண்டாம், தட்டு ஓரத்துலகூட வைக்கக் கூடாதாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களாம். பச்சை இலை ஆகாதாம்."

மாஸ்டர் சலித்துக்கொண்டார். "அதை யார்யா தின்னச் சொன்னது? ஓரமா எடுத்து வைக்கத் தெரியாதா?"

கழுவுதொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஒரு தட்டு, தட்டோரத்தில் வழக்கமான கொத்து. சுண்டுவதற்குக் கட்டை விரல் போய்விட்டது, பாதியில் நின்றது. கோடை முழுக்க நறுக்கியது நினைவுக்கு வந்தது; எண் இறங்கியதும் அப்போதுதான். இலை நின்றது நினைவுக்கு வந்தது. ரத்தம் நிற்காமல் போனதும் அப்போதுதான். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டைப் பார்த்து உண்மை சொல்கிறவள் என்று பேர் வாங்கியவள், ஒரு வருஷமாகத் தன் வீட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அவரைக் குற்றவாளியாக்கியிருந்தாள்.

பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தாள். நேரே பின்கட்டுக்குப் போனாள். எட்டுக் குழாயிலும் புது முளை வந்திருந்தது, நகக்கண் அளவு.

அங்கே நின்றபடி அவள் நினைத்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாமும் அதைத்தான் நினைத்திருப்போம். இதையெல்லாம் பிடுங்கிவிட்டால் போதும். இனி இலை இல்லை, எண் தானாக நிதானத்துக்கு வரும், மருத்துவரும் நிம்மதியாவார். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஒரே ஒரு பாக்கி: மாத்திரையில் ஏமாற்றிய மனுஷன் என்ற வரி அந்தக் கோப்பில் அப்படியே கிடக்கும், அவர் ஆயுசுக்கும்.

கடைசித் தொட்டியில் கைவைத்தாள். முழுசும் பிடுங்கிவிட்டாள். ஏழாவதுக்கு நகர்ந்தபோது பின்னால் அவர் வந்து நின்றார்.

"என்ன பண்றே? ஒரு மாசம் காத்திருந்து வந்தது."

"நெருக்கமா இருக்கு. கலைச்சு விடுறேன்."

அவர் காலித் தொட்டியைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் தெரிந்தே சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். ஏழாவது தொட்டியை அவளால் தொட முடியவில்லை.

மறுநாள் கிளம்பும்போது மாஸ்டரிடம் ஒரு கொத்து பார்ஸ்லி கேட்டாள்.

"எதுக்கு நீதிபதியம்மா?"

"சாட்சிக்கு."

அதற்கு மறுநாள் பரிசோதனை. நர்ஸ் விரலில் குத்தினாள், எண்ணை எழுதினாள், வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டாள். "கீரை ஏதாவதும்மா?"

அவள் பையிலிருந்து ஈரத்துணியைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். "இதைக் கீரைன்னு எடுத்துக்குவீங்களா சிஸ்டர்?"

"பார்ஸ்லிதானே. பச்சை இலையிலயே இதுலதான் மாத்திரையை மட்டுப்படுத்துற சத்து ரொம்ப ஜாஸ்தி. எப்பவாவது ஒரு இலை, ரெண்டு இலை..."

"மூணு வேளையும். ஒவ்வொரு கைப்பிடி." கையை மூடிக் காட்டினாள். "போன கோடை பூரா. குளிருக்கும் விடலை. பூ வந்ததும் நிறுத்தினேன். நிறுத்தின மூணாவது வாரம் மூக்குல ரத்தம்."

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டாள். கோப்பைப் பின்னாலிருந்து முன்னாலும், முன்னாலிருந்து பின்னாலும் புரட்டினாள்.

"நீங்க கேட்டப்பல்லாம் இல்லைன்னேன்" என்றாள் அவள். "எனக்கு அது சாப்பாடுன்னே படலை சிஸ்டர். நான் பாத்திரம் கழுவுறவ. அது எப்பவும் மிச்சமாத்தான் வரும்."

திட்டு விழும் என்று குனிந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் திட்டவில்லை. "நானும் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கணும். பொதுவா கேட்டுட்டேன்" என்றாள். பிறகு, "முளைச்சிருக்கிறதைப் பிடுங்கணும்னு இல்ல. ஐயா சாப்பிடுறதும் முக்கியம்தான். ஆனா கொஞ்சமா, தினமும் ஒரே அளவு. ஒரு நாள் கூடுதலா, ஒரு நாள் குறைவா, அது கூடாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இங்க வந்து சொல்லுங்க, டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையை வைப்பார். எப்ப நிறுத்தினாலும் சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு வாரா வாரம் பார்த்துடலாம்."

"குழாயில வர்ற அழுத்தம் சீரா இருக்கணும். அதானே?" என்றார் அவர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

"அதேதான் ஐயா."

அவர் தன் விரலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். "அப்ப நான் மாத்திரையை ஒழுங்காத்தான் போட்டிருக்கேன்" என்றார். யாரையும் குறை சொல்லும் குரலில்லை. ரொம்ப நாளாகத் தேடிய சாமான் கையில் அகப்பட்டவர் குரல்.

அவள் எழுந்தாள். மேசைப் பக்கம் நகர்ந்து கோப்பில் விரலை வைத்தாள். "சிஸ்டர், இந்த வரியை அடிச்சிடுங்க."

நர்ஸ் அடித்தாள். ஒற்றைக் கோடு போதாது என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றதால், இன்னொரு கோடும் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் சாமான் பெட்டியைக் கவிழ்த்துத் துழாவினார். சின்னக் குழாய்க்குப் போடும் மூடி ஒன்று, கிண்ணம் மாதிரி, கையில் கிடைத்தது. ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, வெந்நீரில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அடுப்பங்கரை மேடையில் வைத்தார்.

"நறுக்கினதை இதுல தலை தட்டி அளந்து போடு. ஒரு நாளைக்கு ஒண்ணு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

"உங்களுக்கு என் மேல கோவமே வரலையா?"

"வந்துது" என்றார். "வருஷம் பூரா வந்துது. இன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

ஒரே நாளில் தீர்கிற கடுப்பா அது.

ஏழு மணிக்கு அவள் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து, திறக்காமல் அவர் முன்னால் வைத்தாள். "இனிமே நீங்களே எடுத்துக்குங்க. நான் எண்ணமாட்டேன்."

அவர் பெட்டியை ஒற்றை விரலால் அவள் பக்கமே தள்ளினார். "நீயே குடு. கை பழகிடுச்சு. ஆனா எண்ணும்போது மாத்திரையைப் பார்த்து எண்ணு, என் மூஞ்சியைப் பார்க்காதே."

அவள் மாத்திரையைப் பார்த்து எண்ணினாள். ஒன்று முழுசு, ஒன்று பாதி. அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை மூடி, எழுந்திருக்கப் போனாள்.

"இரு" என்றார். "கலைச்சு விட்டியே, அந்தத் தொட்டி காலியா கிடக்கு. விதையை ஊறப் போடு."

"சரிங்க."

"இன்னொண்ணு." அவர் அவள் பக்கம் சாய்ந்து, அவள் கேட்காமலேயே வாயைப் பெரிதாகத் திறந்தார்.

அவள் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாங்க. மூடுங்க."

"மாத்திரையைப் பார்க்கச் சொல்லலை" என்றார். "வால்வு ஓடுதான்னு கேளு."

மறுபடி திறந்தார். அவள் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். ஓடிக்கொண்டிருந்தது.